மயில் வீட்டுப் பல் வலி

ஒரு காட்டில், அதாவது இருந்த மரத்தையெல்லாம் வெட்டிவிட்டு அடுக்குமாடிக்குப் 'பசுஞ்சோலை' என்று பேர் வைத்துக்கொண்ட காட்டில், மிருதுளா என்றொரு முயல்குட்டி பன்னிரண்டாம் வகுப்பு படித்துவந்தது. பாவம், பரீட்சை என்றாலே அதற்கு மூச்சு முட்டும். இதை யாராவது நம்பித் தொலைத்தால் போதும் என்றிருந்தது அதற்கு.

"அம்மா, நெஞ்சு படபடன்னு அடிக்குதும்மா."

"முயல்னா அப்படித்தான்டி அடிக்கும். போய்ப் படி!"

அம்மா முயல் ஓமத்தண்ணி கொடுத்தது. திருஷ்டி சுற்றிப் போட்டது. போனைப் பிடுங்கி பீரோவில் வைத்தது. ம்ஹூம், ஒன்றும் வேலைக்காகவில்லை. மிருதுளா வகுப்பிலேயே மயங்கி விழுந்த பிறகுதான் மனநல டாக்டர் கரடியம்மாவிடம் போக அம்மா முயல் சம்மதித்தது. அதுவும் எப்படி? மகளின் காதிரண்டையும் துப்பட்டாவால் மூடிக் கட்டி, "யார் கேட்டாலும் பல் வலின்னு சொல்லு, மானம் போயிடும்" என்று மிரட்டி.

கிளினிக்கில் உட்கார இடமில்லை. மிருதுளாவின் வகுப்பே அங்கே முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தது!

"அடடே, நீங்களா! பொண்ணுக்குப் பல் வலி" என்று முந்திக்கொண்டது அம்மா முயல்.

"எங்க வர்ஷிணிக்கும் பல்லுதான்" என்றது எதிர்வீட்டு மயிலம்மா.

"எங்க பையனுக்குக் கடைவாய்ப் பல்லு" என்றது ஆமையம்மா. கிளியம்மாவும் அலகைப் பிடித்துக்கொண்டு ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது.

மிருதுளா மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தது.

"ஆன்ட்டி, உங்க யாருக்குமே பல்லு கிடையாதே!"

மயிலம்மா சட்டென்று அலகை முந்தானையால் மூடிக்கொண்டது. வர்ஷிணிதான், அந்த வகுப்பின் முதல் மார்க் வர்ஷிணி, முதலில் குபீரென்று சிரித்தது. "எனக்கும் நெஞ்சுதான்டி படபடங்குது!"

"எனக்கும்!" என்று ஓட்டுக்குள்ளிருந்தே கத்தியது ஆமைக்குட்டி. முக்காடெல்லாம் பறந்தது. சிரித்துச் சிரித்து மிருதுளாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தனக்கு மட்டும் இல்லை, அப்பாடா! எத்தனையோ மாதம் கழித்து நெஞ்சு ஒழுங்காக அடித்தது.

சத்தம் கேட்டுக் கரடியம்மா வெளியே வந்தது. "பட்டணத்துக் காட்டுல இந்த வயசுப் பிள்ளைங்க நிறைய பேருக்கு இது இருக்கும்மா. வெட்கப்பட ஒண்ணுமில்ல, சரியாக்கிடலாம்."

அம்மா முயல் மகளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதது. "என் கண்ணே, எனக்குத் தெரியாமப் போச்சே!" பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, மயிலம்மாவை ஓரக்கண்ணால் பார்த்தபடி, டாக்டரின் காதோரம் போய்க் கேட்டது:

"நிறைய பேர்னா... அதுல எங்க பொண்ணு எத்தனாவது ரேங்க், டாக்டர்?"

நீதி: பிள்ளைக்கு எந்த நோய் வந்தாலும் தாங்கிக்கொள்ளலாம், எதிர்வீட்டுப் பிள்ளையைவிடக் குறைச்சலாக மட்டும் வந்துவிடக் கூடாது.