கரடி போட்ட மாத்திரை

ஒரு காட்டில் செல்போன் கோபுரம் வந்து இரண்டு வருடம் ஆகியும் நிரந்தரமாக ஒரு டாக்டர் வரவில்லை. மாதம் ஒருமுறை பக்கத்துக் காட்டு ஆந்தை வந்து மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும். அதை வேளாவேளைக்குச் சாப்பிட யாருக்கும் நினைவிருப்பதில்லை.

அதனால் சுகாதார நிலையத்தின் பொறுப்பில் இருந்த கொக்கு எல்லோருக்கும் ஒரு செயலியைக் கொடுத்தது. தினமும் இரண்டு வேளை அது மணியடித்து, "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்கும். "போட்டாச்சு" என்பதை அழுத்தினால் திரையில் பூ கொட்டும், "சபாஷ்!" என்று ஒரு குரல் வரும்.

மூன்று மாதம் கழித்து, நோயாளிகளின் திருப்தியை அளந்து வர ஒரு கீரியை வேலைக்கு வைத்தார்கள். படிவத்தில் ஒரே கேள்வி, அதன் கீழே அழுகிற முகத்திலிருந்து சிரிக்கிற முகம் வரை ஐந்து முகங்கள்.

"சிரிக்கிற முகத்தை யாரும் தொடலேன்னா என்ன சார் செய்யறது?" என்று கீரி கேட்டது.

"தொடுற வரைக்கும் பேசிக்கிட்டே இரும்மா" என்றது கொக்கு.

மயில் மணியோசை பிடித்திருக்கிறது என்று சிரிக்கிற முகத்தைத் தொட்டது. குரங்கு ஐந்து முகங்களையும் தொட்டது. கீரி மனசாட்சிப்படி சராசரி எடுத்து எழுதிக்கொண்டது.

அடுத்தது கரடி பொம்மக்கா. அதற்குச் சர்க்கரை. இடது பாதத்தில் ஆறாத புண். இன்னும் ஒரு மாதத்தில் சர்க்கரை இறங்காவிட்டால் பாதத்தையே எடுக்க வேண்டிவரும் என்று ஆந்தை சொல்லியிருந்தது. ஆனால் செயலிக் கணக்குப்படி பொம்மக்காதான் காட்டிலேயே முதலிடம்: நூற்றெண்பது வேளைக்கு நூற்றெண்பது "போட்டாச்சு".

"செயலி எப்படி இருக்குக்கா?"

"தங்கம், கண்ணு! எங்க வீட்டுக்காரர்கூட என்னை ஒருநாள் சபாஷ்னு சொன்னதில்ல." பொம்மக்கா சிரிக்கிற முகத்தை இரண்டு முறை தொட்டது.

கீரி கிளம்பியிருக்கலாம். ஆனால் கண் பாதத்தின் மேல் போய்விட்டது. புண் பெரிதாகியிருந்தது. படிவத்தில் பாதத்தைப் பற்றிக் கேள்வி இல்லை.

"மாத்திரை ஒழுங்கா போடுறீங்கதானேக்கா?"

"போடாம? வா, காட்டுறேன்."

பொம்மக்கா நொண்டியபடியே ஒரு மரப்பொந்துக்கு அழைத்துப் போனது. உள்ளே மாத்திரைகள் குவிந்து கிடந்தன.

"எல்லாத்தையும் இதுக்குள்ளதான் போட்டிருக்கேன். எண்ணிப் பாரு."

"ஐயோ! மாத்திரை போடுறதுன்னா முழுங்குறது, அக்கா!"

"அப்போ கோலம் போடுறதுன்னா கோலத்தை முழுங்குறதா? பூட்டு போடுறதுன்னா? படிச்ச புள்ள, நீயே சொல்லு."

கீரி மாத்திரைகளை எண்ணத் தொடங்கியது. பொம்மக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டது.

"எனக்கும் தெரியும், கண்ணு. ஒரே கசப்பு. முழுங்கினியான்னு அது கேட்டிருந்தா நான் பொய் சொல்லியிருக்க மாட்டேன்."

கீரி ஒரே ஓட்டமாகக் கொக்கிடம் போனது.

"சார், செயலியில 'முழுங்கியாச்சா'ன்னு மாத்தணும். இல்லேன்னா பொம்மக்காவுக்குப் பாதம் போயிடும்."

"அவங்க திருப்தி எவ்வளவு?"

"அஞ்சுக்கு அஞ்சு."

"அப்புறம் என்ன?"

கீரி தன் அறிக்கையைக் கொக்கின் பக்கம் தள்ளியது. வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. "அப்படின்னா நான் இதுல கையெழுத்துப் போட மாட்டேன் சார்."

கையெழுத்து இல்லாத அறிக்கை மேலிடத்துக்குப் போகாது. கொக்கு ஒற்றைக் காலில் நின்று யோசித்தது. கால் மாற்றி நின்றும் யோசித்தது. பிறகு சொல்லை மாற்றியது.

மறுநாள் காலை செயலி, "மாத்திரை முழுங்கியாச்சா?" என்று கேட்டது. பொம்மக்காவுக்குப் பொய் வராது. கண்ணை மூடிக்கொண்டு முழுங்கியது. காட்டில் இன்னும் எத்தனையோ பொந்துகள் இருந்திருக்க வேண்டும். அன்று முதல் பல முகங்கள் கோணின.

ஒரு மாதம் கழித்து மறுபடி அளந்தார்கள். மயில் அழுகிற முகத்தைத் தொட்டது. குரங்கு படிவத்தைக் கிழித்தது. போன முறை தொண்ணூற்றாறு சதவீதமாக இருந்த திருப்தி ஒன்பதுக்கு இறங்கியது. "இதை நான் எப்படிம்மா மேலே அனுப்புவேன்?" என்று கொக்கு புலம்பிக்கொண்டிருந்தபோது கதவைத் தள்ளிக்கொண்டு பொம்மக்கா நுழைந்தது.

"இந்தச் சனியனை உடனே எடுங்க! ரெண்டு வேளையும் வாயெல்லாம் கசப்பு. சோறு இறங்கல!"

பொம்மக்கா வீட்டிலிருந்து அங்கே மூன்று மைல் தூரம். நடுவில் ஓர் ஓடை, ஒரு மேடு. கீரி குனிந்து பார்த்தது. புண் இருந்த இடத்தில் புது முடி முளைத்திருந்தது.

"அக்கா, உங்க பாதம்…"

"பாதம் கிடக்கட்டும். புகார் நோட்டு எங்கே?"

கீரி சந்தோஷமாக நோட்டை எடுத்து நீட்டியது.

நீதி: நோயாளிக்கு முழுத் திருப்தி என்றால், மருந்து இன்னும் உள்ளே போகவில்லை என்று பொருள்.