மரநாய்க் கணக்கப்பிள்ளையின் முனியாண்டி

மாத்தளை மாவட்டத்தில் கடவுள் நம்பிக்கை துளியும் இல்லாமல் ஒரு கடவுளையே உண்டாக்கியவர் எங்கள் மரநாய்க் கணக்கப்பிள்ளை ஒருவர்தான். ரிவர்ஸ்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் வேலை மேற்பார்த்து ஓய்வுபெற்றவர். சீனி வருத்தக்காரர். பாலும் சீனியும் இல்லாத வெறும் பிளேன்டீயைக் கசந்த முகத்தோடு குடித்தபடி, கொழுந்து பறிக்கும் பெண்களை முன்பு அதட்டிய அதே குரலில் வாசலில் வளர்த்த மர நாற்றுகளை அதட்டுவார்: "வளந்து தொலையேன், என்னா யோசன?"

அவருடைய யோசனையெல்லாம் பீலியைப் பற்றியது. மலை ஊற்றிலிருந்து, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குக் குழாயில் விழும் தண்ணீர்தான் பீலி. மேலே இருந்த காட்டை முன்னமே வெட்டியாயிற்று. மிச்சத்தை, ஆட்டுக்கு இளம்புல் வேண்டுமென்று வெயில் காலம் தோறும் கொளுத்தினோம். மலை முழுக்க மானாப்புல். பீலி முதலில் சொட்டியது, பிறகு அதுவும் இல்லை. பெண்கள் குடத்தோடு ஆமிச் சாவடியைத் தாண்டி ஆற்றுக்குப் போனார்கள். யுத்தம் நடந்த கெட்ட காலம் அது. போன பிள்ளைகள் திரும்பும்வரை லயத்தில் எவரும் உரக்கப் பேசுவதில்லை. கணக்கப்பிள்ளைக்கும் ஒரு மகள் இருந்தாள்.

தோட்டப் பள்ளிக்கூட மாஸ்டரான எனக்குக் காடும் மழையும் பற்றிப் புத்தகம் புத்தகமாகத் தெரியும். கரும்பலகையில் அருமையாக மேகம் வரைவேன். அது ஒருநாளும் பெய்ததில்லை.

அவரோ மரநாய் எச்சம் பொறுக்கப் புறப்பட்டார். மரநாய் தின்று கழித்த கித்துள் பனைக் கொட்டை தவறாமல் முளைக்கும் என்பது அவர் கட்சி. ஒருநாள் சாவடியில் பையைத் திறக்கச் சொன்னார்கள். திறந்து காட்டி, சிங்களத்தில் விளக்கமும் சொன்னார். தன்னைக் கேலி செய்வதாக நினைத்த இளம் சிப்பாய் அவரை வெயிலில் முழங்காலில் நிறுத்திவிட்டான். மத்தியானம் வேலைக்கு வந்த லக்கலைக்காரச் சிப்பாய்தான் பைக்குள் எட்டிப் பார்த்து, எங்கள் ஊரிலும் கித்துள் இப்படித்தான் முளைக்கிறது என்று சிரித்து அனுப்பிவைத்தான்.

தோலுரிந்த முழங்காலோடு வந்தவர் என்னிடம் சொன்னார்: "இனிமே இந்தப் பைய ஒருத்தனும் தொறக்கமாட்டான் மாஸ்டர்."

மலையில் நட்டதெல்லாம் அடுத்த வெயிலில் தீயோடு போயிற்று. கத்தினார், கெஞ்சினார், எவரும் கேட்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ஊற்றுக்கண்ணருகே மஞ்சள் பூசிய கல்லொன்று சூலத்தோடு நின்றது.

"மண்ணுக்குள்ள இருந்து முனியாண்டி கெளம்பிருச்சு" என்றார் பக்கத்து லயக் காம்பராச் செல்லம்மாக்கா.

சூலம், கணக்கப்பிள்ளை வீட்டிலிருந்த தேயிலைச் செடி வெட்டும் பழைய கவ்வாத்துக் கத்திகளை அடித்துச் செய்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு, சாமிக்குப் பயந்து, அந்த மலையில் எவரும் நெருப்பு வைக்கவுமில்லை.

முதலில் அட்டை வந்தது. பிறகு தவளை, பிறகு பெயர் தெரியாத குருவிகள். அவர் மறுபடி நட்ட கித்துள் ஆளுயரம் தாண்டி மரமாயிற்று. ஒருநாள் பீலியில் தண்ணீர் விழுந்தது.

வந்தது வினை. "தண்ணி குடுத்த சாமி மழையில நனையிது. காட்ட வெளியாக்கி மண்டபம் கட்டுவோம்" என்றார் தோட்டத்துச் சங்கத் தலைவர். கோடரிகளோடு ஊரே மலையேறியது.

வாழ்நாளில் திருநீறு பூசாத கணக்கப்பிள்ளை கல்லுக்கு முன்னால் சாமி வந்தவராக நடுங்கி விழுந்தார்.

"டேய், நான் கூர கேட்டேனாடா?"

"தப்புதான் சாமி. மண்டபம் வேணாங்களா?" என்றார் தலைவர்.

"மரந்தான்டா மண்டபம். ஒரு கெளைய வெட்டுனாலும் மலைய விட்டு எறங்கிருவேன்."

"அப்ப சாமிக்கு என்னாதான் வேணுங்க?"

சாமி மூச்சு வாங்கியது. வயதான சாமி. நாக்கு வறண்டிருக்க வேண்டும்.

"பிளேன்டீ. சீனி போடாம."

எவரும் சிரிக்கவில்லை. செல்லம்மாக்கா தலையைக் குனிந்துகொண்டார். தலைவர் கணக்கப்பிள்ளையை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு கோடரியைக் கீழே வைத்து, "சாமி சொல்லிருச்சு, எறங்குங்க" என்றார். தலைவருக்கும் பெண் பிள்ளைகள் இருந்தார்கள்.

கணக்கப்பிள்ளை போய்ச் சேர்ந்து வெகுகாலமாயிற்று. பீலி இன்றும் விழுகிறது. காலையில் கல்லுக்கு முன்னால் ஒரு கோப்பை பிளேன்டீ வைப்பது லயத்து வழக்கம். புதிதாக வந்த மருமகள் யாராவது தெரியாமல் சீனி போட்டுவிட்டால், செல்லம்மாக்கா அதைக் கீழே கொட்டிவிட்டு வேறு ஊற்றி வரச் சொல்வார்.

"அவருக்கு ஆகாதும்மா."