டிஸ்க் பிரேக் போட்ட கரடி

ஒரு காட்டில் ஒரு கார் இருந்தது. ஒரு சிங்கம் இருந்தது என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் அந்த மலைக்காட்டில் சிங்கத்தைவிடக் காருக்குத்தான் மரியாதை அதிகம். கறுப்பு நிறம், உருண்டை முகப்பு, கதவைச் சாத்தினால் இரும்புப் பெட்டியை மூடுகிற சத்தம். அது மாரப்பன் என்ற கரடிக்குச் சொந்தம். கரடிக்கு லைசென்ஸ் யார் கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள். நம் ஊரில் பாதிப் பேருக்கு யார் கொடுத்தார்களோ, அவர்களேதான்.

அந்தக் காரில் எல்லாம் உண்டு. ஜன்னலுக்குத் திரைச்சீலை உண்டு, தும்முகிற மாதிரி ஒரு ஹாரன் உண்டு. நிற்க மட்டும் வராது.

காரணம், டிரம் பிரேக். சக்கரத்துக்குள் மூடிய சட்டி மாதிரி ஒன்று இருக்கும். பெடலை மிதித்தால் உள்ளே இரண்டு கட்டைகள் விரிந்து சட்டியின் சுவரை உரசி நிறுத்தும். சமவெளிக்கு அது போதும். மலைச்சாலையில் வளைவுக்கு வளைவு மிதித்துக்கொண்டே இறங்கினால் சட்டி சூடேறும். மூடிய சட்டி அல்லவா, சூடு எங்கே போகும்? பாதி மலையில் தீய்ந்த வாடை வரும். அதற்குப் பிறகு பெடலை மிதிப்பதும் பஸ்ஸில் பக்கத்து ஆளின் காலை மிதிப்பதும் ஒன்றுதான். சத்தம் வரும், வண்டி நிற்காது.

பின்னே எப்படித்தான் நிறுத்தினார்கள்? கடைசி வளைவில் காளியண்ணன் என்ற எருமையின் வைக்கோல் போர் இருந்தது. காட்டில் இருந்த எல்லா வண்டிகளும் அதில்தான் போய் முட்டி நின்றன. முட்டியவர் கலைந்த போரை அடுக்கிக் கொடுக்க வேண்டும். பக்கத்தில் புதிதாக அறுத்துப் போட்டிருப்பதையும் சேர்த்து அடுக்கிவிட்டுத்தான் போகவேண்டும். இதனால் காளியண்ணன் ஆயுசில் ஒரு கட்டு வைக்கோலைத் தூக்கியதில்லை. ஊர் இதைச் சம்பிரதாயம் என்றது. காளியண்ணன் பொதுச்சேவை என்றார். ஊர்த்தலைவரும் அவரேதான். அதையும் கேட்காதீர்கள்.

மாரப்பனுக்கு ஒரு மகள், பூங்கோதை. அடிவாரக் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தாள். தினமும் காதில் வைக்கோலோடு வகுப்புக்குப் போய்ச் சேர்வாள். தெர்மோடைனமிக்ஸ் வகுப்பில் உராய்வையும் சூட்டையும் பற்றிப் பாடம் நடக்கும்போது அவள் காதிலிருந்து வைக்கோல் உதிரும். அவமானம் தாங்காமல் ஒரு நாள் அப்பாவிடம் போய் நின்றாள்.

"அப்பா, சாவியைக் குடுங்க. இனி நான் ஓட்டறேன்."

"உனக்குத் தெரியாது அம்மிணி. வைக்கோல்ல நேரா முட்டறதுக்கு ஒரு அனுபவம் வேணும்."

"முட்டவே வேண்டாங்கறேன். டிஸ்க் பிரேக் மாட்டிக்கலாம்."

மாரப்பன் எழுந்து நின்றார். "எங்கப்பன் காலத்து வண்டி. ஒரு திருகுகூட மாத்தினதில்ல. எல்லாம் கம்பெனியில வந்தபடியே இருக்குது."

"நம்ம மூக்கும் கம்பெனியில வந்தபடியாப்பா இருக்கு?"

"நம்ம குடும்பத்துல எல்லாருக்கும் சப்பை மூக்கு. அது பரம்பரை."

"பரம்பரை இல்லப்பா. முன்கண்ணாடி."

மாரப்பன் மூக்கைத் தடவிப் பார்த்தார். தாத்தாவின் படத்தைப் பார்த்தார். படத்தில் இருந்ததை மூக்கு என்று சொல்வது கஷ்டம்தான். இருந்தாலும் ஒரு கரடி மகளிடம் தோற்பதாவது!

"சரி, மாட்டு. சந்தை நாளன்னைக்கு நீயே ஓட்டு. வைக்கோலைத் தொடாம அடிவாரம் போய்ச் சேந்தா சாவி உனக்கு. வண்டியில ஒரு கீறல் விழுந்தாலும், ஜென்மத்துக்கும் நீ ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது."

பூங்கோதை நேராகத் துளசியக்காவின் காயலான் கடைக்குப் போனாள். துளசியக்கா ஒரு பெருச்சாளி. எந்த வண்டி எங்கே கவிழ்ந்தாலும் அவளுக்குத்தான் முதலில் தெரியும்; சில சமயம் கவிழ்வதற்கு முன்பே.

"டிஸ்க் மட்டும் போதுமா கண்ணு?"

"அதைக் கவ்வற காலிப்பர் வேணுங்க. பெடலை மிதிச்சா எண்ணெயைத் தள்ளற மாஸ்டர் சிலிண்டரும் வேணும். பழசையே வெச்சா பெடல் தரைக்குப் போயிடும். பழைய ரிம் காலிப்பர்ல உரசும், அதனால பெரிய ரிம் குடுங்க."

"இத்தனையும் மாத்தறதுக்குக் காரையே மாத்திப்புடலாமே?"

"காரை மாத்த அப்பா விடமாட்டாருங்கக்கா. அப்பாவை மாத்த முடியாது. பிரேக்குதான் கைக்கு எட்டுது."

முன்சக்கரங்களில் இருந்த சட்டிகளைக் கழற்றினாள். அவற்றின் இடத்தில் பளபளவென்று தட்டுகள் வந்தன. ஒளிவுமறைவு இல்லாத தட்டு. காற்று படும், சூடு பறந்துவிடும். மாரப்பன் சுற்றிச்சுற்றி வந்து முனகினார்: "கல்யாண வீட்டுக்குக் கைலி கட்டிட்டுப் போற மாதிரி இருக்குது."

கடைசி வேலை, பிரேக் எண்ணெய்க் குழாயில் நின்ற காற்றை எடுப்பது. காற்று இருந்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். ஒருவர் உள்ளே மிதித்துப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் கீழே படுத்துத் திருகைத் திறக்க வேண்டும். மாரப்பன் வேண்டாவெறுப்பாக உள்ளே உட்கார்ந்தார்.

"மிதிங்கப்பா."

"மிதிச்சாச்சு."

"அப்படியே பிடிங்க. விடாதீங்க."

"எவ்வளவு நேரம்?"

"நான் சொல்ற வரைக்கும்."

"நீ சொல்ற வரைக்குமா? இந்த வீட்டுல யாரு அப்பா?"

"நீங்கதான். ஆனா இப்ப விட்டீங்கன்னா மறுபடி முதல்ல இருந்து மிதிக்கணும்."

அப்பா பிடித்துக்கொண்டே இருந்தார்.

சந்தை நாள் வந்தது. பூங்கோதை ஓட்டினாள். மாரப்பன் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடியில் இடிக்கத் தோதாக மூக்கைத் தயாராக வைத்திருந்தார். பின்னால் மந்திகளின் மினிபஸ். அதற்குப் பின்னால் காட்டுப்பன்றியின் டிராக்டர். எல்லோருக்கும் கடைசியில், எப்போது கிளம்பியதோ, மொபெட்டில் ஓர் ஆமை.

வளைவுக்கு வளைவு மிதித்தாள். வளைவுக்கு வளைவு பிடித்தது. தீய்ந்த வாடை வரவே இல்லை. கடைசி வளைவு, வைக்கோல் போர் கண்ணுக்குத் தெரிகிறது. அங்கே திரும்பினால் அடிவாரம். அப்போது சாலையின் குறுக்கே ஒரு கௌதாரி தன் குஞ்சுகளோடு நடந்து வந்தது.

பூங்கோதை மிதித்தாள். கார் நின்றது.

மாரப்பன் கண்ணை இறுக மூடியிருந்தார். "அம்மிணி, முட்டிட்டமா?"

"நின்னுட்டோம்ப்பா."

"அப்ப மூக்கு?"

"இருக்குதுப்பா."

அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து, சாலையைப் பார்த்தார், குஞ்சுகளைப் பார்த்தார், தன் மூக்கைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மினிபஸ் பின்னால் வந்து மோதியது. மினிபஸ்ஸின் மேல் டிராக்டர் மோதியது. மந்திகள் பஸ்ஸின் கூரையிலிருந்து மரத்துக்கும், மரத்திலிருந்து ஒன்றின் தலைமேல் இன்னொன்றுமாக விழுந்தன. இத்தனைக்கும் கார் ஓர் அங்குலம்கூட முன்னால் நகரவில்லை. அப்படி ஒரு பிரேக். பின்பம்பர் மட்டும் அப்பளமாகிவிட்டது.

கீறல் விழுந்துவிட்டது. பூங்கோதை இறங்கிப் போய் பம்பரைத் தடவிப் பார்த்தாள்.

அங்கேயே நடுச்சாலையில் பஞ்சாயத்து கூடியது. காளியண்ணன் அசைபோட்டபடி கேட்டார்: "மோதினது யாரு?"

"நாங்க மோதலீங்க தலைவரே," என்றது பஸ் ஓட்டிய மந்தி. "நாங்க எப்பவும் போலத்தான் வைக்கோலைப் பாத்து வந்தோம். இந்தப் புள்ள நடுவுல நின்னுருச்சு."

"ஆமாங்க," என்றது பன்றி. "சொல்லாம கொள்ளாம நின்னுருச்சுங்க."

"ஐயா, நிக்காத வண்டியை ஓட்டினது குத்தமா, நிக்கற வண்டியை நிறுத்தினது குத்தமா?" என்றாள் பூங்கோதை. "நான் மிதிக்காம இருந்திருந்தா அந்தக் குஞ்சுங்க கதி? எல்லாரும் பிரேக்கை மாத்திட்டா யாரும் யாரையும் மோத வேண்டியதில்லையே?"

நல்ல கேள்வி. கூட்டத்தில் ஓரிருவர் தலையாட்டவும் செய்தார்கள். காளியண்ணன் கௌதாரியைக் கூப்பிட்டார். "நீ சொல்லு. இந்தப் புள்ள நின்னதால உனக்கு நல்லதா, கெட்டதா?"

கௌதாரி இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. "நான் எப்பவும் வண்டி வந்தா புள்ளைங்களை இழுத்துக்கிட்டுப் புதருக்குள்ள பாய்ஞ்சுருவேனுங்க. இன்னைக்கு வண்டி நின்னுருச்சு. இதுவரைக்கும் எனக்காக யாரும் நின்னதில்லீங்க. எதுக்காக நிக்குது, என்ன பண்ணப் போகுதுன்னு உசுரே போயிருச்சு."

"பாத்தீங்களா? ஏழை எளியதுகளைப் பயமுறுத்தியிருக்குது," என்றார் காளியண்ணன்.

"ஐயா, அது அப்படியா சொல்லுச்சு?" என்றாள் பூங்கோதை.

"அதைவிட முக்கியமான விஷயம் ஒண்ணு இருக்குது. இன்னைக்கு என் போர்ல யாராச்சும் முட்டினீங்களா? இல்ல. அப்ப அறுத்துப் போட்ட வைக்கோலை யாரு அடுக்கறது? நானா?" இதைச் சொல்லும்போது அவர் குரலே உடைந்துவிட்டது.

அப்போது சாயங்காலம் ஆகியிருந்தது. ஆமை மொபெட்டில் மெதுவாக வந்து, மெதுவாக டிராக்டரில் மோதியது. "மன்னிக்கோணுங்க," என்றது. "காலையில இருந்து மிதிச்சுட்டுத்தான் வர்றேன்."

"இதோ, இன்னொரு பாதிக்கப்பட்டவர்!" என்றார் காளியண்ணன். உடனே தீர்ப்பும் சொன்னார்: "முன்னேத்தத்துக்கு நாம எதிரி இல்ல. டிஸ்க் பிரேக் வண்டியிலயே இருக்கட்டும், பாக்க அழகா இருக்குது. ஆனா மிதிக்கக் கூடாது."

ஊரே கைதட்டியது. பூங்கோதை வாதாடினாள், தரையில் படம் போட்டு உராய்வு விதியை விளக்கினாள், ஒருவர்கூடக் குறுக்கே பேசவில்லை. எல்லோரும் வைக்கோல் அடுக்கப் போய்விட்டிருந்தார்கள்.

மாரப்பன் மட்டும் காரில் சாய்ந்து நின்றார். வண்டியிலிருந்த சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"கீறல் விழுந்துருச்சேப்பா. நான்தான் தோத்துட்டேனே?"

"அதை விடு அம்மிணி. மிதிச்சா நிக்கும்னு தெரிஞ்சுபோன பெடலு. அதை மிதிக்காம ஓட்ட இனி என்னால ஆகாது. இந்த வயசுல நான் ஊரோட சண்டைக்குப் போக முடியுமா? நீ சின்னவ, உனக்கு வாயும் இருக்குது. நீயே ஓட்டு."

மறுநாள் பூங்கோதை கல்லூரிக்குக் காரில் போனாள். கடைசி வளைவில் மிதித்தாள், திரும்பினாள், காதில் வைக்கோல் இல்லாமல் வகுப்பில் போய் உட்கார்ந்தாள். அன்று முதல் அந்தக் காட்டில் சப்பை மூக்குத் தாய்மார்கள் எல்லோரும் தங்கள் பிள்ளைகளிடம் அவள் காரைச் சுட்டிக்காட்டிச் சொன்னார்கள்: "நல்லாப் பாத்துக்க சாமி. வண்டியே ஓட்டத் தெரியாதவ அவதான்."

நீதி: யாருக்கும் நிற்கத் தெரியாத ஊரில், நிற்பவர்தான் விபத்து. ஆகவே பிரேக்கை மாற்றுவதற்கு முன் ஊரை மாற்றவும். அது முடியாவிட்டால் பின்பம்பரையாவது மாற்றவும்.