எட்டுக் கிலோ நெய்மீனும் ஒரு சென்சாரும்

வியாழக்கிழமை காலையில் மூன்றாவது முறையாக ஃப்ரீசர் கத்தியது. மைனஸ் பதினெட்டு என்று காட்ட வேண்டிய இடத்தில் ‘ஈ-1’ என்று மினுக்கிக்கொண்டிருந்தது.

“வெறும் சென்சாருதான். அரை மணி நேர வேல,” என்றார் ஞானசிகாமணி.

முப்பது வருஷமாகச் சின்னமனூரில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். கரண்டில் ஓடும் எதுவும் அவர் சொன்னபடி கேட்கும். மனைவி ஜெபஷீலா கரண்டில் ஓடுகிறவள் இல்லை.

“கம்பெனிக்குப் போனப் போடுங்க. உள்ள இருக்கது நம்ம மீனு இல்ல.”

உண்மைதான். உள்ளே இருந்தது எட்டுக் கிலோ வஞ்சிரம், முழுசாக மூன்று மீன். கம்பத்து ஏலக்காய் வியாபாரி, வருங்காலச் சம்பந்தி முத்துராஜா கொடுத்தது. கேரளாவுக்குப் போய்வருகிற மனிதர், நெய்மீன் என்றுதான் சொல்லுவார். செவ்வாய்க்கிழமை காரில் வந்து பெட்டியோடு இறக்கினார்.

“பத்திரமா வச்சிருங்க சம்மந்தி. ஞாயித்துக்கெழம சர்ச்சு முடிஞ்சதும் வந்து இதயே சாப்புடுறோம். அப்பிடியே நிச்சயத்துக்கு நாளக் குறிச்சிருவோம்.” காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

“நம்ம பக்குவத்தச் சோதிக்கிறாக,” என்று ஜெபஷீலா அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். மீன் கெட்டால் மகள் மகிமாவுக்கும் முத்துராஜா மகன் விஜய்ராஜுக்கும் நடக்கிற கல்யாணப் பேச்சும் கெட்டது என்று அர்த்தம்.

“கம்பெனிக்காரன் வருவான், போர்டு போச்சும்பான், அதுக்கு நாலு நாளாக்குவான். அதுவரைக்கும் மீனு உசுரோட இருக்குமா?”

“வரும்போதே செத்துத்தான வந்துச்சு?”

அவர் காதில் வாங்கவில்லை. குளிரை அளக்கும் சென்சார் என்பது வயர் நுனியில் மிளகு அளவுக்கு ஒரு குமிழ். அதைக் கழற்றி மீட்டரில் கொடுத்து ஐஸ் தண்ணீரில் முக்கினார், வெந்நீரிலும் முக்கினார். குளிரில் ரீடிங் ஏற வேண்டும், சூட்டில் இறங்க வேண்டும். அது எதற்கும் அசையவில்லை.

“செத்துருச்சு. நாஞ்சொன்னேன்ல?”

கண்டுபிடித்தது நூற்றுக்கு நூறு சரி. அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் மனுசன் நேரே கடைக்குப் போய், மூலையில் கிடந்த பழைய ஏசியின் சென்சாரைப் பிடுங்கிவந்து மாட்டினார். மத்தியானத்துக்குள் மைனஸ் பதினெட்டு காட்டிவிட்டது. வீட்டில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

வெள்ளிக்கிழமை காலையில் தரையெல்லாம் தண்ணீர்.

“மைனஸ் பதினெட்டுல ஐஸ் உருகுமாங்க?”

மகிமா மீனை விரலால் அமுக்கினாள். “அப்பா, கொழுக்கட்ட மாவு மாதிரி அமுங்குது.”

ஏசி சென்சாரின் கணக்கு வேறு. அது சொன்ன பொய்யை நம்பி, போதும் போதும் என்று கம்ப்ரெசர் ஓய்வெடுத்திருக்கிறது.

“இதுக்குப் போயி பதறுறீக? சென்சாரே வேணாம். கம்ப்ரெசருக்குக் கரண்ட டைரெக்டாக் குடுத்துருவோம்.”

கொடுத்தார். கம்ப்ரெசர் நிற்காமல் ஓடியது. சனிக்கிழமை திறந்தால் உருகிய தண்ணீரும் மூன்று மீனும் சேர்ந்து ஒரே பாளமாக அடியில் ஒட்டிக்கிடந்தன. இழுத்தால் ஃப்ரீசரே நகர்ந்து வந்தது.

“அமத்திட்டுச் செத்த நேரம் சும்மா விடுங்க. அதுவா விட்டுரும்.”

“மறுபடி உருகவிட்டா மீனு தாங்காது. ஒரே தட்டுதான், பாரு.”

உளியும் சுத்தியலும் எடுத்தார். மூன்றாவது தட்டில் ‘உஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். உளி குழாயில் இறங்கி, கேஸ் மொத்தமும் போய்விட்டது. போகிறபோது கம்ப்ரெசர் ஆயிலை மீன் மேல் பீச்சிவிட்டுப் போனது.

ஜெபஷீலா குனிந்து மோந்து பார்த்தாள். “இயேசப்பா! உங்க கடை மாதிரியே நாறுது.”

மகிமா அழுதேவிட்டாள். “விஜய்ராஜ் வீட்ல என்னப்பா நெனைப்பாக? குடுத்த மீனையே வச்சுக்கத் தெரியாதவுக பொண்ணுன்னுல்ல சொல்லுவாக?”

ஞானசிகாமணி உளியைக் கீழே வைத்தார். பெற்ற பிள்ளையின் கல்யாணத்தைத் தன் கையாலேயே உளி வைத்துக் கொத்திவிட்டோமே என்று இருந்தது. ஆனால் அதெல்லாம் ஒரு நிமிஷம்தான்.

“ஏத்தா, அழுகாத. வஞ்சிரத்துல அவுக பேரா எழுதியிருக்கு?”

ஞாயிற்றுக்கிழமை, வாழ்க்கையிலேயே முதல் முறையாக ஆராதனைக்கு மட்டம் போட்டுவிட்டு, தேனி மீன் மார்க்கெட்டுக்குப் போய் அதே அளவில் மூன்று வஞ்சிரம் வாங்கிவந்தார். ஃப்ரீசரைக் கொல்லைப்பக்கம் தள்ளிவிட்டார்.

மதியம் சம்பந்தி வீட்டார் வந்து உட்கார்ந்தார்கள். முத்துராஜா நாலாவது துண்டை எடுத்தார்.

“என்ன இருந்தாலும் நம்ம நெய்மீனு ருசி வேற எங்கனயும் வராது சம்மந்தி! நேத்துப் புடிச்ச மாதிரியே வச்சிருக்கீக!”

ஞானசிகாமணி மீசையைத் தடவிக்கொண்டார். “ஃப்ரீசர நானே பாத்துக்கிறது. வெளியாள் கை பட விடுறதில்ல.”

முத்துராஜாவுக்குப் புரையேறியது. அவர் மனைவி ராஜாத்தி தண்ணீரை நீட்டிவிட்டு அவரை ஒரு முறை முறைத்தாள். அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. வருகிற மாதம் பன்னிரண்டாம் தேதி நிச்சயம் என்று முடிவானது. ஜெபஷீலாவுக்கு மூச்சு வந்தது.

கை கழுவக் கொல்லைப்பக்கம் போயிருந்த கார் டிரைவர் அம்மாவாசி, ஈரக்கையோடு ஓடிவந்தான்.

“மொதலாளி! செவ்வாய்க்கெழம நீங்க சென்சார நோண்டி நம்ம வீட்டு ஃப்ரீசரக் கொன்னீகள்ல, அதே மாதிரி இங்கனயும் ஒண்ணு செத்துக் கெடக்கு! இனிமே மீனு கெடாம இருக்க எந்த வீட்டுலதான் கொண்டுபோயி எறக்குறது?”