முப்பது விநாடி வணக்கம்

தகவல் தொடர்பின் வரலாற்றை எழுதியவர்கள் எல்லாரும் புறாவில் ஆரம்பித்துச் செயற்கைக்கோளில் முடித்துவிடுகிறார்கள். அது அரைகுறை வரலாறு. காஞ்சிபுரம் வளைவுத் தெரு பட்டு நெசவாளர் முன்னேற்றப் பேரவை தன் உறுப்பினர்களின் கைபேசிகளில் 'வாக்கி-டாக்கி' செயலியை ஏற்றிய அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சேர்க்காத எந்த வரலாற்றையும் பட்டாணி மடிக்கத்தான் கொடுக்க வேண்டும்.

அதற்கு முன்பு வளைவுத் தெரு இருண்ட காலத்தில் இருந்தது. அந்த இருளின் பெயர் காவேரி.

காலை வேளைகளில் அந்தத் தெருவில் பாவு நீட்டுவார்கள். மூன்று புடவைக்கான பட்டு நூலைத் தெருவோடு நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, இழை இழையாகப் பிரித்துக் காயவிடுவது. தெருவின் நடுவே ஒரு வளைவு. அதற்கு அந்தப் பக்கம் பாவு நிற்பது இந்தப் பக்கம் வருகிற வண்டிக்காரனுக்குத் தெரியாது. ஆகவே கிழக்கு முனையில் காவேரி நிற்பாள். வண்டி ஏதாவது திரும்பினால், "பாவு இருக்குதுபா! பாவூ!" என்று ஒரு குரல் கொடுப்பாள். வண்டி நின்றுவிடும். வளைவுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் பாவைச் சுருட்டி வழிவிடுவார்கள். பதினேழு வருடத்தில் ஓர் இழை அறுந்ததில்லை. சிக்னல், சார்ஜ், சந்தா எதுவும் கேட்காத ஏற்பாடு. அதனாலேயே அதன் மேல் யாருக்கும் மரியாதை இல்லை.

ஒருநாள் கோயில் பார்க்க வந்த வெளியூர்க்காரர் ஒருவர் அவள் கத்துவதைப் படம்பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டார். நாற்பதாயிரம் பேர் பார்த்துச் சிரித்தார்கள். பேரவைத் தலைவர் ஏகாம்பரம் சிரிக்கவில்லை. அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வு பெற்றாரே தவிர ஓய்ந்தவர் அல்லர்.

"தெரு மானமே போச்சு," என்றார் அவசரக் கூட்டத்தில். "உலகம் எங்கியோ போய்க்கினு இருக்குது. நாம இன்னும் தொண்டைய நம்பிக்கினு இருக்கறோம்."

கணினி படித்தவள் என்ற ஒரே குற்றத்துக்காகப் பொருளாளர் ஆக்கப்பட்ட சத்யப்ரியா செயலியை விளக்கினாள். "பட்டனை அமுக்கிக்கினு பேசணும் சார். விட்டா மத்தவங்க பேசறது கேக்கும். ஒருத்தர் பேசறப்போ இன்னொருத்தர் பேச முடியாது. இது இலவசம், அதனால ஒரு தடவைக்கு முப்பது செகண்டுதான். அப்புறம் தானா கட் ஆயிடும்."

நிறுவும் பணி தொடங்கியது. முதல் படியிலேயே தலைவரின் கைபேசி ஒரு கேள்வி கேட்டது: 'மைக்கைப் பயன்படுத்த அனுமதிக்கிறீர்களா?' சத்யப்ரியாவின் விரல் திரையை நெருங்கியது. தலைவர் பதறிப்போய்க் கைபேசியை இழுத்துக்கொண்டார்.

"என்னம்மா பண்ற? அனுமதி குடுக்கணும்னா செயற்குழு கூடணும்."

"சார், போன்தான் சார் கேக்குது."

"யார் கேட்டா என்னம்மா? முறைன்னு ஒண்ணு இருக்குதில்ல?"

செயற்குழு கூடியது. ஏற்கெனவே அங்கேதான் உட்கார்ந்திருந்தது என்பதால், கூடுவதற்காக ஒருமுறை எழுந்து வெளியே போய்த் திரும்பி வந்தது. மைக்குக்கு ஒருமனதாக அனுமதி கிடைத்தது. அடுத்து, இருக்கும் இடத்தை அறிய அனுமதி கேட்டது கைபேசி. "அது எதுக்குபா அதுக்கு?" என்று முகம் கறுத்தார் செயலாளர் ஜினேந்திரன். நூல் கடை வைத்திருப்பவர். நெசவாளர்கள் நூல் கேட்டு வரும் நேரங்களில் கடையில் இல்லாமல் இருப்பதில் பேர்போனவர். அந்த அனுமதி துணைக்குழுவின் ஆய்வுக்கு அனுப்பப்பட்டது. துணைக்குழு இன்றும் ஆய்ந்துகொண்டிருக்கிறது.

பேசி முடித்ததும் 'ஓவர்' என்று சொல்வது வழக்கம் என்றாள் சத்யப்ரியா. மரியாதையாக இல்லை என்று அது நீக்கப்பட்டு, 'இந்த நல்வாய்ப்புக்கு நன்றி கூறி விடைபெறுகிறேன்' என்பது நிறைவேறியது. எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வருவதும் பண்பாடு ஆகாது என்பதால் தொடக்கமும் வகுக்கப்பட்டது: 'மாண்புமிகு தலைவர் அவர்களே, மதிப்பிற்குரிய முதலாம் துணைத் தலைவர் அவர்களே, மதிப்பிற்குரிய இரண்டாம் துணைத் தலைவர் அவர்களே, செயல்திறன் மிக்க செயலாளர் அவர்களே, பொருளாளர் அவர்களே, பேரவையின் கௌரவ ஆலோசகர் அவர்களே, என் உடன்பிறவா நெசவாளச் சொந்தங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.'

சத்யப்ரியா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லிப் பார்த்தாள். "சார், வணக்கத்துக்கே இருபத்தெட்டு செகண்டு ஆவுது."

"மீதி ரெண்டு செகண்டு இருக்குதில்ல? விஷயத்த அதுல சொல்லு."

மேலும் இரண்டு தீர்மானங்கள். ஒன்று, காலை ஆறிலிருந்து ஒன்பது வரை தெருவில் வேலை செய்யும் எல்லாரும் காதில் இயர்போன் மாட்டியிருக்க வேண்டும். இரண்டு, தெருவில் கத்துகிறவர்களுக்கு இரண்டு மாதம் பாவு நீட்டும் முறைநாள் கிடையாது. முறை இல்லையென்றால் பாவு இல்லை. பாவு இல்லையென்றால் தறி காலி. தறி காலியென்றால் அடுப்பும் காலி. தானும் ஒரு தறி வைத்திருந்த காவேரிக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவளைக் 'கிழக்கு முனை நிலைய அலுவலர்' ஆக்கிக் கழுத்தில் ஓர் அட்டையும் மாட்டினார்கள்.

"எனக்கு எதுக்கு சார் இதெல்லாம்? நான் ஒரு சத்தம் குடுத்தா போதுமே," என்றாள் காவேரி.

"அது சத்தம்மா," என்றார் தலைவர் கனிவோடு. "இது தகவல்."

முதல் மூன்று நாட்கள் திட்டம் மாபெரும் வெற்றி பெற்றது. வண்டி எதுவும் வரவில்லை. அந்த இடைவெளியைத் தலைவர் 'காலைச் சிந்தனை' வழங்கப் பயன்படுத்திக்கொண்டார்.

நான்காம் நாள் வியாழக்கிழமை, காவேரியின் சொந்தப் பாவுக்கே முறை வந்தது. அரக்குச் சிவப்பு. மூன்று புடவை, அவளுக்கும் கணவன் உதயகுமாருக்கும் மூன்று மாதச் சோறு. அவன் அக்கம்பக்கத்தாரோடு வளைவுக்கு அந்தப் பக்கம் இழை பிரித்துக்கொண்டிருந்தான். விதிப்படி எல்லார் காதிலும் இயர்போன்.

ஏழேகால் மணிக்குக் கிழக்கு முனையில் ஒரு தண்ணீர் லாரி திரும்பியது. காவேரி நடுத்தெருவுக்கு ஓடி இரண்டு கையையும் ஆட்டினாள். தினம் நாலு தெருவில் பெண்கள் தண்ணீர் கேட்டுக் கையாட்டி மறிப்பதைப் பார்த்துப் பழகிய டிரைவர் அவளைச் சுற்றிக்கொண்டு போனார். "இந்தத் தெருவுக்கு லோடு இல்லமா! ஓட்டலுக்குப் போவுது!"

காவேரி கத்துவதற்கு வாயைத் திறந்தாள். இரண்டு மாதம் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டு பட்டனை அமுக்கினாள்.

தடம் காலியாக இல்லை. 'தகவல் தொடர்பின் அவசியம்' பற்றித் தலைவர் சிந்தனை வழங்கிக்கொண்டிருந்தார். முப்பது விநாடியில் அறுந்தது. மறுபடி அமுக்கித் தொடர்ந்தார். நல்லவேளையாக, எவனோ குறுக்கே நிறுத்தியிருந்த ஸ்கூட்டரிடம் லாரி மாட்டிக்கொண்டு முன்னும் பின்னும் நகர்ந்தது. தலைவர் மூச்சு வாங்கிய ஒரு கணத்தில் காவேரி உள்ளே புகுந்தாள். மூச்சுவிடாமல் வணக்கத்தை ஒப்பித்தாள். நேரத்தை மிச்சம் பிடிக்க இரண்டாம் துணைத் தலைவரை மட்டும் தாண்டினாள். ஆனாலும் நாக்கு இரண்டிடத்தில் குழறிவிட்டது.

"...பணிவான வணக்கம், தண்ணி லா—"

கட்.

உடனே செயலாளரின் குரல் வந்தது. "ரெண்டாவது துணைத் தலைவர் விட்டுப்போச்சேமா. அவர் மனசு என்னா பாடுபடும்?"

"மனசு ஒண்ணும் படலபா," என்றது இரண்டாம் துணைத் தலைவரின் புண்பட்ட குரல். "ஆனா சொல்லியிருக்கலாம்."

"தண்ணி பத்தி என்னமோ ஆரம்பிச்சாங்க," என்றார் தலைவர். "குடிநீர்ப் பிரச்சினைய பொதுக்குழுவுலதான் எழுப்பணும். இது அதுக்கான மேடை இல்ல."

லாரி ஸ்கூட்டரைத் தாண்டிவிட்டது. காவேரி கைபேசியை வீசிவிட்டு அதன் பின்னால் ஓடினாள். "பாவு இருக்குதுபா! பாவூ! யோவ் உதயா!" கோபுரத்துப் புறாக்கள் கலைந்து பறந்தன. தெருவில் ஒருவரும் திரும்பவில்லை. எல்லார் காதிலும் இரண்டாம் துணைத் தலைவரின் மனவருத்தம் ஓடிக்கொண்டிருந்தது. உதயகுமாரும் தலையைக் குனிந்து இழை பிரித்தபடியே அதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

வளைவு திரும்பியதும் டிரைவர் பாவைப் பார்த்தார். ஒரே மிதியாகப் பிரேக்கை மிதித்தார். லாரி நின்றது, உள்ளே இருந்த தண்ணீர் நிற்கவில்லை. அது தள்ளிய தள்ளலில் முன்சக்கரம் பாவை நடுவே அறுத்துக்கொண்டு போய்த்தான் அமர்ந்தது. உதயகுமார் எகிறிக் குதித்துத் தப்பினான்.

"இவ்ளோ பேர் நிக்கறீங்களே, முன்னாடியே ஒருத்தர் ஒரு குரல் குடுக்கக்கூடாதா?" என்று டிரைவர் இறங்கி வந்து தலையில் அடித்துக்கொண்டார்.

அங்கே வந்து சேர்ந்த தலைவர் காதிலிருந்து இயர்போனைக் கழற்றினார். "என்னப்பா இப்டி சொல்ற? நாங்க அப்போலேர்ந்து பேசிக்கினுதான இருக்கறோம்?"

காவேரி தெருவில் உட்கார்ந்து அறுந்த இழைகளை மடியில் வாரிப்போட்டுக்கொண்டு வாய்விட்டு அழுதாள். லாரி திரும்பியபோதே கத்தியிருக்கலாம். பயந்துபோய் அந்த முப்பது விநாடியை வணக்கத்துக்குக் கொடுத்துவிட்டாள்.

அன்று மாலையே விசாரணைக் குழு கூடி அறிக்கை தயாரித்தது. பேரவையின் இந்தச் சுறுசுறுப்பை எதிரிகளும் பாராட்டுவார்கள். செயலி குறைபாடின்றி இயங்கியது, குரல் தெளிவாக இருந்தது. நிலைய அலுவலர் வணக்கத்தில் ஒரு பெயரை விட்டதும், தெருவில் கத்தியதும் வருந்தத்தக்கவை. எனினும் அவரது துயரத்தைக் கருதித் தண்டனை ஒரு மாதமாகக் குறைக்கப்படுகிறது. சேதத்துக்குக் காரணம்: தண்ணீர் லாரி.

"படிச்சிப் பாத்து கையெழுத்து போடுமா," என்றார் தலைவர்.

காவேரி பேனாவை வாங்கினாள். கடைசி வரியை இரண்டு தரம் அழுத்தி அடித்தாள்.

"அந்த ஆள் மேல பழி போடாதீங்க சார். பத்தாயிரம் லிட்டரு பாரத்த வச்சிக்கினு அவராச்சும் பிரேக் போட்டாரு. நீங்க ஆறு பேரு, வெறும் வாயி, ஒருத்தரால நிறுத்த முடியல."