கோழியும் காயும் ஒரே ட்ரேயில் ஏறிய படலம்

பெட்டிகளின் பெருங்கோவே, வாழி! ஒட்டுநாடாவை ஒரே இழுப்பில் கிழிக்கும் நெடுங்கையனே, வாழி! அட்டைப்பெட்டியின் நான்கு மூலைகளை நாற்றிசையாகக் கொண்டு, அவற்றுக்கு இடைப்பட்ட வெற்றிடம் யாவும் பகைப்புலம் எனக் கண்டு, கண்ணாடிக் குவளை முதல் தையல் இயந்திரம் வரை எதை நீட்டினாலும் ஆடாமல் அசையாமல் அடுக்கி அனுப்பும் சரக்குக் கிடங்கின் தலைமகனே, உன் ஒருமாலைப் போரைச் சொல்லப் புகுந்தோம். சொல்லும் நாவுக்கு உப்பும் மிளகும் துணையாகட்டும்.

அவன் கிடங்கில் பார்சல் கட்டுபவன். அவன் கட்டிய பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்கினால் சத்தம் வராது. அதுவே அவன் புகழ். வேறு புகழ் இல்லை.

இப்பெருவீரனுக்கு ஒரு நாட்டில் மட்டும் நுழைவு மறுக்கப்பட்டிருந்தது. அந்நாடு அவன் வீட்டுச் சமையலறை.

தடை பிறந்த கதை சிறிது. முன்பொரு நாள் அவன் சூப் வைத்தான். ஒரே ஒரு சூப். அதன்பொருட்டு அலமாரியிலிருந்து புறப்பட்ட படையோ, வாணலி, குண்டான், வடிகட்டி, கிண்ணம், கிண்ணத்துக்குத் துணைக்கிண்ணம் என அணியணியாகச் சென்று சிங்க்கில் வீழ்ந்து, குழாயின் கழுத்தளவு குவிந்து கிடந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில் பகலெல்லாம் பிறர் கண்களைச் சோதித்துவிட்டு வந்த மனைவி, அக்களத்தைத் தன் கண்ணால் கண்டாள். கை ஓயக் கழுவினாள். ஈரக்கையை உதறி ஆணை பிறப்பித்தாள்.

"இனிமே அடுப்பு பக்கம் வந்தீங்கன்னா பாருங்க."

அவன் வரவில்லை. அன்று முதல் அவள் வேலையிலிருந்து வந்து, பையைக் கீழே வைத்துவிட்டு, உட்காராமலே அடுப்பைப் பற்றவைத்தாள். அவளுக்கு முன்பே வீடு திரும்பிவிடும் அவனோ, ஊருக்கெல்லாம் பொதி கட்டிய இரு கைகளையும் மடியில் கிடத்திக்கொண்டு, மேசையருகே அமர்ந்து அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தான். கைவன்மை மிக்க மறவனுக்கு இதனினும் கொடிய சிறை இல்லை. அவன் வேண்டியது ஒன்றே. ஒரு நாளேனும் அவள் வந்ததும் உட்கார வேண்டும்.

கெஞ்சினான். மீண்டும் கெஞ்சினான். அரசி இரங்கினாள், இரங்கியபோதே விதியும் வகுத்தாள்.

"ஒரே ஒரு ட்ரே. அதுலயே கோழி, அதுலயே காய். ஓவன்ல வைங்க, எடுங்க. கத்தி, பலகை, கரண்டியெல்லாம் போனா போகுதுன்னு விட்டுடறேன். ஆனா ரெண்டாவதா ஒரு கிண்ணம் நனைஞ்சாலும், ஜென்மத்துக்கும் அடுப்படியை மறந்துடுங்க."

நடுவராக அவள் தம்பி அமர்த்தப்பட்டான். அதே வீட்டின் மாடியறையில் வாழ்ந்து, அக்கா கையால் மூவேளையும் உண்பவன்; ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் ஆசான். பிறர் ஓட்ட, தான் பக்கத்தில் அமர்ந்து பிரேக்கில் கால் வைத்துப் பிழைப்பவன் ஆதலால், சமையலறை முக்காலியில் வீற்றிருந்தபோதும் அவன் கால் ஒன்று சற்றே முன்நீண்டு, வரவிருக்கும் விபத்தை எதிர்நோக்கியிருந்தது. மாமன் தோற்க வேண்டும் என்பதே அவன் விருப்பம். அதை அவன் மறைக்கவும் இல்லை.

"நீங்க ஜெயிச்சா அக்கா அடுத்து என்னைப் பார்ப்பா மாமா. மாமா சமைக்கிறார், உனக்கென்ன கேடுன்னு ஆரம்பிப்பா. எனக்கு அது தேவையா?"

"நீ சிங்க்கைப் பாரு மாப்ள," என்றான் வீரன். "என்னைப் பார்க்காத."

குழாய் முழங்கிற்று. படைகள் நீராடி வந்தன. வந்த படையின் பெருமையை என்னென்பது! மண்ணுக்குள் ஒளிந்து வளர்ந்து, எவரோடும் பேசாது பருத்த மௌன மல்லராம் உருளைக்கிழங்குகள் முன்னே நின்றன. ஒல்லியாயினும் வளையாத செவ்வேலராம் கேரட்டுகள் பின்னே நின்றன. தம்மைக் கொன்றவனைத் தமக்காக அழவைத்தே மடியும் மானமறவராம் வெங்காயங்கள், வீட்டிலிருந்த அத்தனை பேரும், ஒருவர் குறையாமல் களம் புகுந்தனர். பூண்டுப் பற்கள் ஒற்றராயின. யாவர்க்கும் நடுவே, தொடை தட்டிப் போருக்கு அழைக்கும் தொழிலுக்கென்றே உடம்பு முழுதும் தொடையாகப் பிறந்த கோழித்தொடைகள், மஞ்சள் தோல் மினுங்கக் கிடந்தன.

கத்தி எடுத்தான். வெட்டினான். அழுதான். எண்ணெயும் உப்பும் மிளகும் எலுமிச்சைச் சாறும் ட்ரேயிலேயே ஊற்றி, அதிலேயே கையால் பிசைந்தான். கிண்ணம் நனையவில்லை. நடுவர் பெருமூச்செறிந்தான்.

இனி அடுக்க வேண்டும்.

இங்கேதான், கற்றோரே, ஊழ் கதவருகே நின்று செருமியது. கிடங்கின் தேநீர் வேளையில் அவன் கைபேசியில் கண்ட வீடியோவில் ஓர் அம்மையார், "நெருக்கி வைக்காதீங்க, நடுவுல நல்லா இடம் விடுங்க" என்று அருளியிருந்தார். அதைக் கேட்ட கணத்தில் வீரன் அவர்மேல் இரக்கம் கொண்டான். பாவம், பெட்டி கட்டிப் பழகாதவர். இடம் விட்டால் சரக்கு ஆடும். ஆடினால் உடையும். இதை அவருக்குச் சொல்ல ஆள் இல்லை.

ஆகவே அடுக்கினான். தொடைக்கும் தொடைக்கும் இடையே கேரட்டைச் செருகினான். கேரட்டுக்கும் கிழங்குக்கும் இடையே வெங்காயத்தை நெருக்கினான். நெருக்கியபின் எஞ்சிய கண்ணுக்குத் தெரியாத சந்துகளிலும், விரல் நுனியால் தடவித் தேடித் தேடி, பூண்டை முட்டுக் கொடுத்தான். மலைக்கோட்டையின் மதில்களும் இத்துணை நெருங்கி நின்றதில்லை. பின் ட்ரேயைத் தூக்கிக் காதருகே கொண்டுசென்று குலுக்கினான். சத்தம் வரவில்லை. அவன் முகம் மலர்ந்தது.

"மாமா, இது சமையலா, லோடா?" என்றது முக்காலி.

"பாரு, ஒண்ணாச்சும் ஆடுதா?"

"ஆடல. மூச்சும் விடல."

ஓவன் வாய் திறந்தது. கோட்டை உள்ளே சென்றது. கதவு மூடிற்று. கண்ணாடியின் பின்னே செவ்வொளி எரிய, வீரன் கைகட்டி நின்று, பொன்னிறத்தின் வருகைக்குக் காத்திருந்தான்.

பொன்னிறம் வரவில்லை. வந்தது மூடுபனி. முதலில் கண்ணாடியின் மூலையில் துளிர்த்து, பின் மலைச்சாரலின் வெண்முகில்போலப் பரந்து, உள்ளிருப்பது யாதெனத் தெரியாவண்ணம் திரையிட்டது. நெடும்பொழுது கழிந்தது. திரைக்கு அப்பால் ஏதோ கொதிக்கும் ஓசை கேட்டது. வறுபடுவதன் ஓசை அன்று அது. அவன் கதவைத் திறந்தான். நீராவி வெளிப்பட்டு அவன் முகத்தைக் கழுவிச் சென்றது. உள்ளே, கழுத்தளவு நீரில், வெளுத்த தோலோடு, பொதுக்குளத்தில் அமிழ்ந்து கிடக்கும் பெரிய மனிதர்களைப்போல் கோழித்தொடைகள் இளைப்பாறிக்கொண்டிருந்தன.

நடுவர் எட்டிப் பார்த்தான்.

"மாமா, கோழி குளிக்குது."

அவ்வேளை மேசையில் கிடந்த கைபேசி தூதுவனாய் ஒளிர்ந்தது. அரசியின் செய்தி: பஸ் ஏறிட்டேன்.

அந்தோ! வெங்காயம் விட்ட நீர் போக வழியில்லை; கேரட் விட்ட நீர் போக வழியில்லை; தன் கைத்திறனே தன் பகையாகி, தான் எழுப்பிய மதிலே தன்னைச் சிறையிட, வாழ்நாளெல்லாம் எதை ஒழிப்பதே அறமென்று கொண்டிருந்தானோ அந்த வெற்றிடத்தை வேண்டி, அவன் இப்போது ட்ரேயின் முன் தலைகுனிந்து நின்றான். பாதியையாவது வெளியே எடுக்க வேண்டும். எடுத்து எங்கே வைப்பது?

அலமாரியில் பெரிய எவர்சில்வர் பாத்திரம் ஒன்று பளபளத்தது. அது அவனை அழைத்தது. உன் பாதிப் படையை என்னிடம் தா, யாருக்குத் தெரியும், கழுவித் துடைத்துக் கவிழ்த்துவிடு என்றது. அவன் கை நீண்டது. முக்காலியில் நடுவரின் முதுகு நிமிர்ந்தது. சமையலறைக் கடிகாரம் கூடத் தயங்கிற்று.

அப்போது ஓர் ஒலி எழுந்தது. தாழ்ந்த ஒலி; நீண்ட ஒலி; குகைக்குள் புலி புரண்டு படுத்தாற்போன்ற ஒலி. அது நடுவரின் வயிறு. கிளட்சையும் பிரேக்கையும் ஒன்றெனக் கருதிய மாணவர் ஒருவரால் அவன் மதிய உணவை இழந்திருந்தான். பூண்டும் மிளகும் கலந்த ஆவி நெடுநேரமாக அவன் நாசியை முற்றுகையிட்டிருந்தது.

வீரன் திரும்பினான். பாத்திரத்தைப் பார்க்கவில்லை. மைத்துனனைப் பார்த்தான். பெட்டி கட்டுவோன் ஒரு பெட்டியின் கொள்ளளவைப் பார்க்கும் பார்வை அது.

முள்கரண்டியில் ஒரு கிழங்கைக் குத்தி எடுத்தான்.

"வாயைத் திற மாப்ள."

"மாமா, நான் நடுவர்."

"நடுவருக்குப் பசிக்காதா?"

அறத்துக்கும் பசிக்கும் இடையே அக்கணத்தில் நிகழ்ந்த போரை விரித்துரைக்க இடமில்லை. அது அத்துணைச் சிறிது. வாய் திறந்தது.

"ஆ… சூடு, சூடு! நல்லா வெந்திருக்கு மாமா. இன்னொண்ணு."

பின் நிகழ்ந்தது பேரழிவு. கிழங்குகள் வீழ்ந்தன. கேரட்டுகள் வரிசை வரிசையாக மறைந்தன. வீரனும் தன் பங்குக்கு நின்றபடியே விழுங்கினான். ட்ரேயில் தேங்கிய நீருக்கோ, உறையைக் கிழித்து பிரெட்டை வரவழைத்தான். துண்டு துண்டாகத் தோய்த்து, வாளியின்றிக் கடலை இறைப்பார்போல் இருவரும் இறைத்தனர். நடுவரின் தாடையில் எண்ணெய் ஒளிர்ந்தது. அவன் கால் எந்தப் பிரேக்கையும் தேடவில்லை.

வெற்றிடம் பிறந்தது. தொடைக்கும் தொடைக்கும் நடுவே தகரத்தின் தரை தெரிந்தது. வீரன் எஞ்சியவற்றைப் பரப்பினான். ஒன்றை ஒன்று தொடாமல் பரப்பினான். அவன் வாழ்வில் இடம் விட்டு வைத்த முதல் சரக்கு அது. ஓவனின் திருகைக் கடைசிவரை திருப்பினான். கதவை மூடினான்.

இம்முறை பனி வரவில்லை. சீறல் வந்தது. தோல் இறுகி, மஞ்சள் பொன்னாகி, பொன் செம்பாகி, வெங்காயத்தின் விளிம்புகள் கருகிச் சுருள, ஆயிரம் விளக்கேற்றிய மாளிகைபோல் ஓவன் ஒளிர்ந்தது. வாசற்கதவில் சாவி திரும்பிய அதே நொடியில் அவன் ட்ரேயை வெளியே எடுத்தான்.

அரசி வந்தாள். செருப்பைக் கழற்றினாள். பிறர் தொலைவில் காணாத எழுத்தையெல்லாம் காணப் பழகிய அவ்விழிகள் முதலில் சிங்க்கை நோக்கின. காலி. அலமாரியை நோக்கின. காய்ந்த பாத்திரங்கள். ட்ரேயை நோக்கின. அங்கேயே நின்றன.

"பாதி ட்ரே காலியா இருக்கே?"

"இடம் விட்டு வச்சேன்," என்றான் வீரன்.

"நீங்களா? இடம் விட்டா?"

"அக்கா," என்றான் நடுவர், "சத்தியமா ஒரு பாத்திரமும் நனையல."

"உன் தாடை நனைஞ்சிருக்கே."

பிரெட்டின் வெற்றுறை மேசையில் லேசாகச் சரசரத்தது.

"டேய், உன்னை நடுவரா இருன்னு சொன்னேனா, கிண்ணமா இருன்னு சொன்னேனா?"

நடுவர் துடைத்துக்கொண்டான். வீரன் தன் தலைவிதியை எதிர்நோக்கித் தரையைப் பார்த்தான். அவள் ஒரு தொடையிலிருந்து மொறுமொறுத்த தோலை விரலால் உரித்து வாயிலிட்டாள். மென்றாள். இன்னொரு துண்டு எடுத்தாள். பிறகு, பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தாள்! மூவுலகும் கேட்க மீண்டும் சொல்வோம்: அவள் உட்கார்ந்தாள்.

ட்ரேயைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, எலும்பு தெரியும்வரை ஒரு தொடையை முடித்தபின், அவள் தீர்ப்பு வழங்கினாள்.

"வயிறு பாத்திரக் கணக்குல வராது. சட்டம் சட்டம்தான். நாளைலேருந்து ராத்திரி சமையல் உங்க கையில. ஞாயித்துக்கிழமை இவன்."

"அக்கா!" என்று அலறிற்று முக்காலி.

அவ்வலறலைக் கேளாதவனாய், நெற்றியில் ஆவியின் ஈரமும் விரல்களில் பூண்டின் மணமும் மாறாது, குழாய் முதல் அடுப்பு வரை, அடுப்பு முதல் அலமாரி வரை, உப்புச்சாடி முதல் குப்பைக்கூடை வரை பரந்து கிடக்கும் அந்நன்னாடு முழுவதற்கும் நாள்தோறும் இரவுதோறும் தானே காவலன் என்னும் பெருமிதம் நெஞ்சில் பொங்க, வெற்றித்திருமகள் தோளில் அமர்ந்தாற்போல் நிமிர்ந்து, தன் புதிய அரசின் களஞ்சியமாகிய காய்கறிக்கூடையை நோக்கி அவன் முதன்முறையாக நடந்து சென்று, மூடியைத் திறந்தான்.

வெங்காயம் தீர்ந்திருந்தது.