நிறைந்த கேன்

குறைப்பாத்திரத்தை ஒருத்தர் முன்னால் கொண்டுபோய் வைப்பது எங்கள் பக்கத்தில் மரியாதைக் கேடு. பக்கத்து வீட்டுக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போதுகூட நாலு தக்காளியாவது போட்டுத்தான் கொடுப்போம். இந்த நல்ல பழக்கத்தால் கழுத்தில் ஓட்டை வாங்கப் பார்த்தவன் அநேகமாக நான் ஒருத்தன்தான்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு போர்வெல் வண்டியில் ஏறினேன். ராஜஸ்தான், ஒடிசா என்று போன இடமெல்லாம் பூமியைத் துளைத்தேன். முதுகு வலித்தால் ஒரு மாத்திரை. வலி நிற்காவிட்டால் இன்னொன்று. (தண்ணீருக்காகத் தோண்டுகிறவனுக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைக்காது. அது தொழில் ராசி.) கால் வீங்கிச் செருப்பு நுழையாமல் போனதும் வெள்ளகோவிலுக்குத் திரும்பினேன்.

என் மனைவி மரகதம் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

"ரத்தத்துல உப்பு ஏறியிருக்குங்கண்ணா," என்றார் டாக்டரம்மா. "சிறுநீர்ல புரதம் எவ்வளவு ஒழுகுதுன்னு பாத்தாத்தான் கிட்னி எவ்வளவு காலம் தாங்கும்னு ஓரளவு சொல்ல முடியும்."

"மறுபடி வண்டிக்குப் போலாமுங்களா?"

"அதையும் அதப் பாத்துட்டுத்தான் சொல்லோணும்."

ஒரு நாள் முழுக்கப் போகிற சிறுநீரை ஒரு சொட்டு விடாமல் பிடித்துவரச் சொல்லி ஐந்து லிட்டர் கேன் ஒன்றைக் கொடுத்தார்கள். வண்டிக்குப் போகிற ஆசையில் ஒழுங்காகத்தான் பிடித்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் கால் கேன்கூட இல்லை. படித்த டாக்டரம்மா நம்பிக் கொடுத்த கேன். அடியில் கொஞ்சம் ஆட, எப்படிக் கொண்டுபோய் நீட்டுவது? குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றி நிரப்பினேன். அதிலும் புத்திசாலித்தனம் பாருங்கள்: ஏற்கெனவே உப்பு என்கிறார்களே என்று போர்த் தண்ணீரை விட்டுவிட்டு, நல்ல தண்ணீராக ஊற்றினேன்.

சாயங்காலம் டாக்டரம்மா முகத்தில் சிரிப்பில்லை.

"ஒரே நாள்ல அஞ்சு லிட்டருங்களா? அதுவும் பச்சத் தண்ணியாட்டம் இருக்குது. கழிவைப் பிரிக்கிற சக்தியே போயிருச்சோன்னு பயமா இருக்குங்க. இன்னிக்கே அட்மிட் ஆயிருங்க. மறுபடி ரத்தம் எடுத்துப் பாத்து, தேவைப்பட்டா டயாலிசிஸுக்குக் கழுத்துல குழாய் போடோணும்."

மரகதம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "மாட்ட வித்தாவது பாத்துக்கலாமுங்க, பயப்படாதீங்க," என்றாள். அந்த மாடுகளை அவள் என்னைவிட நல்லபடியாக வைத்திருந்தாள்.

இதற்கு மேல் மரியாதை தாங்காது என்று தோன்றியது.

"மேடம், அதுல முக்காவாசி எங்கூட்டுக் குடத்துத் தண்ணிங்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"ஏனுங்க ஊத்துனீங்க?"

"குறையா இருந்துதுங்க. குடுக்கறதுக்கு ஒரு மாதிரி இருந்துதுங்க."

டாக்டரம்மா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. மரகதம் சிரிக்கவில்லை. மணிக்கட்டை உதறிவிட்டாள்.

"சொசைட்டிக்கு ஊத்துற பால்ல இன்னி வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி கலந்ததில்லீங்க மேடம்! இந்த மனுசன் மூத்திரத்துல கலந்து எம் மானத்த வாங்கிப்போட்டாருங்க!"

பஸ்ஸில் காங்கேயம் வரும்வரை அவள் பேசவில்லை. அப்புறம் பேசினாள். வெள்ளகோவில் வரும்வரை நிறுத்தவில்லை.

இரண்டாவது முறை கால் கேனோடு தலைகுனிந்து போனேன். புரதம் ஒழுகுகிறதாம், ஆனால் வலி மாத்திரையை விட்டு, வெயிலை விட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டால் கிட்னி ரொம்பக் காலம் தாங்குமாம். வண்டியையும் விட்டுவிட வேண்டுமாம்.

விட்டேன். பாதி இந்தியாவைத் துளைத்தவனுக்கு இப்போது நெடும்பயணம் என்றால் பால் சொசைட்டி வரைக்கும்தான். மரகதம் கோபத்தில் அங்கேயும் கதையைச் சொல்லிவைத்திருக்கிறாள். பால் அளக்கிற தம்பி தினமும் கேனைத் திறப்பதற்கு முன்னால் என்னை ஏற இறங்கப் பார்ப்பான்.

"ஏனுங்க மாமா, கேன் நெறஞ்சிருக்குதே. அக்கா கறந்ததுதானுங்களா?"

வரிசையில் நிற்கிற எல்லோரும் சிரிப்பார்கள். தண்ணீர் கலந்திருக்கிறதா என்று கருவியை விட்டுப் பார்த்த பிறகுதான் அவன் அளப்பான். மற்றவர்கள் கேனுக்கு அவ்வளவு நேரம் எடுப்பதில்லை.